முகக்கண்ணாடிக்குள் இரண்டு வில்லைகள்

சூடான உப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் ஃபிரேமின் காலைப் புதைத்து வைத்தால், பொசுங்கப்போகிறது ஆனால் இன்னும் பொசுங்கவில்லை என்று சொல்வதுபோல ஒரு வாசனை கிளம்பும். பதினோராவது வயதில், தூத்துக்குடிப் பெரிய கடைத்தெருவை ஒட்டிய சந்தில் எஸ்தர் அக்காவின் கண்ணாடிக் கடையில் அந்த வாசனையை முதன்முதலாக முகர்ந்தேன். சின்ன இரும்புச் சட்டி நிறையப் பொடி உப்பு, அதற்கு அடியில் மின்சார அடுப்பு. அக்கா ஃபிரேமின் காலை உப்புக்குள் செருகி, மனதுக்குள் ஏதோ எண்ணி, இளகியதும் வெளியே எடுத்து, என் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்துப் பார்த்து வளைப்பார். லென்ஸ் தேய்க்கும் கல்சக்கரத்தில் எந்நேரமும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அவருடைய விரல் நுனிகள் துணி துவைத்தவை போலச் சுருங்கியிருக்கும். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கடை முழுக்க அக்காவின் பொறுப்பு. பவர் பார்ப்பது, லென்ஸ் தேய்ப்பது, கால் வளைப்பது எல்லாம் அவரே.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது பள்ளிக்கூட டீச்சர் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டால். கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே ஒரு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் மூன்று என்று எழுதினார். அந்தக் காகிதத்தை அம்மா ஏதோ துக்கச் செய்தி வந்த தந்தியைப்போல நான்காக மடித்து, லேஞ்சிக்குள் முடிந்துகொண்டு நடந்தாள். லேஞ்சி என்றால் எங்கள் கடற்கரை வீடுகளில் கைக்குட்டை.

அம்மா ரோஸ்லின் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். என் கண் கெட்டதற்கு அவளிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. அடுத்த வீட்டு டிவி, படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிப்பது, கேரட் தின்னாதது. உண்மையில் அவள் நம்பிய காரணம் வேறு என்பதை அன்று கடையில் தெரிந்துகொண்டேன். நான் கண்ணாடி முன் ஃபிரேம்களை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்குக் கேட்காது என்று நினைத்து எஸ்தர் அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இவள வயித்துல வச்சுக்கிட்டு, கிறிஸ்துமஸ் தையலுக்குக் கரண்டு இல்லாம அரிக்கேன் வெளிச்சத்துல ராவும் பகலும் ஊசி கோத்தேன் எஸ்தரு. அதுதான் பிள்ள கண்ணுல வந்து நிக்கி."

எஸ்தர் அக்கா, "அப்படில்லாம் ஒண்ணும் கெடையாதுக்கா" என்றார். அம்மா நம்பவில்லை. கண்ணுக்குக் காவலான புனித லூசியாவுக்கு வெள்ளியில் இரண்டு கண் செய்து வைப்பதாக ஏற்கெனவே நேர்ந்திருந்தாள்.

ஃபிரேம் தேர்ந்தெடுப்பதற்கே அன்று முற்பகல் முழுவதும் போயிற்று. எனக்குச் சிவப்பு நிறத்தில் ஒன்று பிடித்திருந்தது. அம்மாவுக்கு, முகத்தில் இருப்பதே தெரியாத மெல்லிய தங்க நிற உலோக ஃபிரேம் வேண்டும். பொம்பளைப் பிள்ளை கண்ணாடி போட்டிருக்கிறாள் என்று தூரத்தில் வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. அக்கா அந்தத் தங்க ஃபிரேமைக் கையில் வாங்கி, மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார்.

"இது மதுரைக்காரங்களுக்குச் சரி. நம்ம ஊர்ல ஆறு மாசம் தாங்காதுக்கா. காத்துல உப்பு இருக்குல்லா, பச்ச பிடிச்சு மூக்குல கறை போடும். பிள்ளைக்குக் கட்டிப் பிளாஸ்டிக்கே போடுங்க. லென்ஸோட ஓரம் தடிமனா இருக்கும், அதையும் மறைச்சுக்கிடும்."

சிவப்பும் பிளாஸ்டிக்தான், ஆனால் அது அம்மாவின் கண்ணுக்குச் சினிமாக்காரிகள் போடுவது. கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒன்று முடிவாயிற்று. பிறகு லென்ஸ். அக்கா இரண்டு வில்லைகளை மேஜையில் வைத்தார். ஒன்று அசல் கண்ணாடி, ஒன்று பிளாஸ்டிக். அம்மா பானை வாங்குகிறவள்போல இரண்டையும் நகத்தால் தட்டிப் பார்த்தாள். கண்ணாடி 'ணங்' என்றது, பிளாஸ்டிக் 'டொக்' என்றது. ணங் என்பதுதான் உசத்தி என்று அம்மா முடிவு கட்டியபோது, அது கனம், மூக்குத்தண்டில் குழி விழும், விளையாட்டில் பந்து பட்டு உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போய்விடும் என்று அக்கா சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையில் அம்மா மாறிவிட்டாள். பிளாஸ்டிக் சீக்கிரம் கீறும் என்பதற்காக மேலே ஒரு 'ஹார்டு கோட்டிங்' சேர்ந்தது. அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்த இன்னொரு பூச்சையும் அக்கா காட்டினார். டியூப்லைட்டின் பிரதிபலிப்பு சாதாரண லென்ஸில் வெள்ளைக் கோடாக விழ, பூச்சு பூசிய லென்ஸில் அது இளம்பச்சையாக மங்கித் தெரிந்தது. எனக்கு அது மயிலிறகுபோல இருந்தது. அம்மா ஒரே பார்வையில் ஒதுக்கிவிட்டாள்.

"பாசி பிடிச்ச மாதிரில்லா இருக்கு."

நான்கு நாள் கழித்துக் கண்ணாடி கைக்கு வந்தது. காற்றில் வரும் உப்பும் மணலும் லென்ஸின் மேல் உட்கார்ந்திருக்கும், பாவாடையால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி ஆகிவிடும், முதலில் தண்ணீர்விட்டுக் கழுவு, பிறகு துடை என்று அக்கா மூன்று முறை சொல்லி அனுப்பினார். அதைப் போட்டுக்கொண்டு திரேஸ்புரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, இரண்டு வருஷமாகத் தெருக்கோடியில் சுருண்டு படுத்திருந்த கறுப்புப் பூனை, ஒரு பழைய டயர் என்று தெரிந்தது. அதற்கு நான் ஒருநாள் மீன் தலைகூட வீசியிருக்கிறேன். வீட்டுக்கு ஓடிப்போய் அதைச் சொன்னேன். அம்மா சிரிப்பதற்குப் பதிலாக முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அப்பா அந்தோணி சங்கு குளிக்கிறவர். விடியலில் வள்ளத்தில் ஏறிப் போய், மூச்சைப் பிடித்துக் கடலில் முங்கி, தரை மணலில் கிடக்கும் சங்குகளை எடுத்து வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவதுதான் வேலை. மதியம் கரை வந்துவிடுவார். அன்றைக்கு அவர் வந்தபோது அம்மா 'குசினி'யில், அதாவது அடுப்படியில், மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். வீடு இருந்த இருப்பைப் பார்த்து, எங்கள் இரண்டு பேரையும் சிரிக்கவைக்க நினைத்தாரோ என்னவோ, என் கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் வைத்து, "டீச்சரம்மா வந்திருக்கேன், எல்லாரும் எந்திரிங்க" என்றார்.

கோமாளித்தனத்துக்காக விரித்த உதடுகள் அப்படியே நின்றன. சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே பார்த்தார், பிறகு கண்ணாடியோடு இறங்கித் தெருவில் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு இப்போது தெரு மறுபடியும் கலங்கல். கரையில் வள்ளங்கள் ஏற்றி வைத்திருந்த இடத்தில் நின்று, அவற்றின் முன்முனையான அணியத்தில் எழுதியிருந்த பெயர்களை ஒன்றொன்றாக வாய்விட்டு வாசித்தார். எனக்கு வள்ளங்களே வண்ணத் திட்டுகளாகத்தான் தெரிந்தன.

"ஏளா செல்வி, இங்கன இருந்தே எழுத்து தெரியுதே" என்றார். குரலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

"ஒங்களுக்கு இவ்வளவு நாளும் தெரியாதாப்பா?"

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன். மத்தவனுவளுக்குப் பழக்கம் கூட, அதான் சட்டுனு சொல்லுதானுவன்னு நெனச்சேன்."

பிறகு என் உயரத்துக்குக் குனிந்து கண்ணாடியை என் முகத்தில் மாட்டிவிட்டு, இதை அம்மாவிடம் சொல்லாதே என்றார். குளியாளிக்கு மூலதனம் மூச்சும் கண்ணும்தான். கண் போய்விட்டது என்று தெரிந்தால் சம்மாட்டி, அதாவது வள்ளத்துக்காரர், வேறு ஆளை ஏற்றிக்கொள்வார். நான் சத்தியம் செய்தேன். அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் ஒரு ரகசியம் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை. அதற்கப்புறம் சாயங்காலங்களில் நாங்கள் கரைக்குப் போவோம், ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று ஒரே கண்ணாடியைப் பகிர்ந்துகொண்டு கப்பல் பார்ப்போம்.

அப்பாவின் தொழில்முறை ஏன் அப்படி இருந்தது என்பது எனக்கு மெல்ல விளங்கியதும் அந்தச் சாயங்காலங்களில்தான். சங்கு மணலில் ஊர்ந்து போகும்போது பின்னால் ஒரு கோடு விழும். நல்ல குளியாளி மேலிருந்து இறங்கும்போதே அந்தக் கோட்டைப் பார்த்து, அதன் முனைக்கு நேராகப் போய்ச் சங்கை எடுத்துவிடுவான். அப்பா அப்படியில்லை, நேராகத் தரைக்கு இறங்கி, மணலில் மூக்கு உரசுகிற மாதிரி நீந்தித் தேடுவார். கூட வருகிறவர்கள் அவரை 'மூக்கால சங்கு பொறுக்குதவன்' என்று கேலி செய்வார்கள், அவரும் அதைத் தன் பாணி என்று ஏற்றுக்கொண்டு சிரிப்பார். மூச்சு நீளமாக இருந்த வயதில் அது செல்லுபடியாயிற்று. இப்போது முப்பத்தாறு வயது. தரையில் இருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது, பையும் காலியாகிக்கொண்டே வந்தது.

ஒரு மதியம் மீரான் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவோடு பல வருஷம் ஒன்றாகக் கடலுக்குப் போகிறவர், அந்த வள்ளத்துக் குளியாளிகளுக்கெல்லாம் அவர்தான் மூப்பு. அம்மா கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டே அன்றைக்கு நடந்ததைப் பெரிய வேடிக்கையாகச் சொன்னார்.

"தங்கச்சி, இன்னைக்கு ஒம் மாப்பிள்ள மேல வந்தான், வந்தவன் வள்ளத்துக்கு வரல, அந்தாக்ல வாடக்காத்தப் பாத்து நீச்சலடிச்சுப் போறான். நாங்க ஏலே, ஏலேன்னு கத்துதோம், திரும்புதானா? அங்கன கப்பல் வாற வழியில ஒரு மிதவை கெடக்கு, அதைப்போய் வள்ளம்னு நெனச்சிருக்கான்! கிட்டப் போய்த்தான் தெரிஞ்சிருக்கு. நீர்வாட்டம் வேற இழுக்கு. வள்ளத்தைக் கொண்டுபோய்த் தூக்கிட்டு வந்தோம்."

அம்மா சிரித்தாள். மீரான் மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்துக்கொண்டு, "அலையடிப்புல்லா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலைகளுக்கு நடுவே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, எல்லாத் திசையிலும் ஒரே வெள்ளைக் கலங்கல், அதில் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும் கலங்கலை வீடு என்று நம்பி நீந்துவது எப்படி இருக்கும் என்று, அந்த அறையில் அப்பாவைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும்.

மீரான் மாமா போனதும், அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இது ஒன்றுதான்:

"அப்ப ஒனக்கு இது அவியகிட்ட இருந்து வந்ததா?"

ஆமாம்மா, டாக்டர்கூட வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டாரே என்றேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, "அரிக்கேன் இல்ல, அரிக்கேன் இல்ல" என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். கண் டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து அவள் எதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது அந்த வயதில் எனக்கு முழுதாகப் புரியவில்லை. என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், தலை துவட்டிக்கொண்டிருந்த அப்பாவைத் தெருவுக்கே கேட்கும்படி ஏசினாள். கண் தெரியாததற்கு அல்ல, தன்னிடம் மறைத்ததற்கு.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை, வீட்டுக்குள் நான் ஒருத்தி இருப்பதே தெரியாதது போல நடந்தார். சாயங்காலம் கரைக்குத் தனியாகப் போனார். மூன்றாவது நாள் பொறுக்கமுடியாமல் பின்னாலேயே போய், நீங்க கடலில் தொலைந்துபோயிருந்தால் என்னப்பா செய்வோம் என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "நீ சொன்னது சரிதான். ஆனா ஒன்கிட்டதானளா சொன்னேன்" என்றார். சரியானதைச் செய்துவிட்டு, அதற்காக மன்னிப்புக் கேட்கவும் தோன்றுகிற ஒரு நிலை உண்டு என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாளே அம்மா எங்கள் இருவரையும் எஸ்தர் அக்கா கடைக்குக் கூட்டிப்போனாள். பவர் பார்த்ததில் அப்பாவுக்கு ஒரு கண்ணில் மைனஸ் மூன்று, இன்னொன்றில் இரண்டே முக்கால். கரையில் போடக் கண்ணாடி செய்துவிடலாம். கடலுக்குள் என்ன செய்வது என்று அக்கா கேட்டார். அப்பா மஞ்சள் பைக்குள்ளிருந்து தன் முகக்கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கறுப்பு ரப்பர், முன்னால் முட்டை வடிவத்தில் ஒரே கண்ணாடி. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கு உள்பக்கம் இரண்டு வில்லை ஒட்டலாமா என்று அவர் கேட்டது எங்களிடம் அல்ல, தன்னிடம்தான்.

அதற்கு முன் அவர் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாக யோசித்தார். எனக்கு எதையெல்லாம் வேண்டும் என்றாரோ, அதையெல்லாம் அப்பாவுக்கு வேண்டாம் என்றார். பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே பனி கட்டினால் அப்பா எச்சில் தொட்டு விரலால் தேய்ப்பார், விரலில் மணல் இருக்கும், கீறிவிடும். பூச்சு எதுவும் வேண்டவே வேண்டாம். தினமும் உப்புத்தண்ணீரில் ஊறினால் தோல் உரிவதுபோல உரிந்து வரும். கனம் ஒரு பொருட்டில்லை, தண்ணீருக்குள் எல்லாம் லேசு. ஆகவே அம்மாவுக்குப் பிடித்த 'ணங்' கண்ணாடி. அதுவும் முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் குழிவாகவும் இருக்கவேண்டும், அப்போதுதான் முகக்கண்ணாடியோடு இடைவெளியில்லாமல் ஒட்டும். அப்படிப்பட்டதை மதுரையிலிருந்து சொல்லி வரவழைக்கவேண்டும்.

கருவிழிகள் எந்த இடத்துக்கு நேராக வருகின்றன என்று குறிக்க, அப்பா கடைக்குள்ளேயே முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் கடலுக்குப் போகிற ரப்பர். மூக்கு அடைபட்டதால் வாயால் மூச்சுவிட்டார். சந்தில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அக்கா மைப்பேனாவை எடுத்துக்கொண்டு, "ஏளா செல்வி, அப்பா தலையை அசையாமப் பிடி" என்றார். நான் பின்னால் நின்று இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்தேன். உப்பில் விறைத்த முடி, கைக்குள் துடிக்கிற நெற்றிப்பொட்டு. கொஞ்ச நேரம் கழித்து, அப்பா தன் தலையின் பாரத்தை மெல்ல என் கைகளில் சாய்த்தார். அதன் பிறகுதான் அவர் என்னோடு பழையபடி பேசத் தொடங்கினார்.

மீரான் மாமாவிடம் சொல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. அப்பாவே போய்ச் சொன்னார். மீரான் மாமா வீட்டுக்கு வந்து, வில்லை ஒட்டிய முகக்கண்ணாடியை வாங்கித் தன் முகத்தில் வைத்துப் பார்த்து, தலை சுற்றிக் கழற்றினார்.

"ஏலே, இத்தன வருசமா மூக்கால பொறுக்குனது இதுக்குத்தானா? நாங்க சிரிச்சோமே."

அவர் அதற்கு மேல் சிரிக்கவில்லை. சம்மாட்டியிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். முதலில் ஆழம் குறைந்த இடத்தில் முங்கிப் பார், தெரிகிறதென்றால் பழையபடி வா, தெரியவில்லையென்றால் தொழிலை விட்டுவிடு, உன் பிணத்தைத் தூக்க என்னால் முடியாது என்றார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

முதல் முயற்சி தோற்றது. மூன்றாவது முங்கலிலேயே பசை வெளுத்து, இடது வில்லை கழன்று முகக்கண்ணாடிக்குள் கிடந்து உருண்டது. அப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் மேஜையில் வைத்தபோது, அக்காவின் முகம் வாடிப்போனது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு நாள் கழித்து அவரே எங்கள் வீட்டைத் தேடி வந்தார், கையில் ஒரு டியூபோடு. மீன் தொட்டி செய்கிற கடையில் விசாரித்து வாங்கியிருக்கிறார். தொட்டியின் கண்ணாடிகளை ஒட்டும் பசை, வருஷக் கணக்காகத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். வில்லையின் நடுவே படாமல், விளிம்பைச் சுற்றி மட்டும் கோலம் இழுப்பதுபோல இழுத்தார். இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது என்றார். அது மாதா படத்துக்குக் கீழே, அலமாரியின் மேல் இருந்தது. நாங்கள் அதைச் சுற்றி மெதுவாகப் பேசிக்கொண்டு நடந்தோம்.

இந்த முறை வில்லைகள் நின்றன. அன்று மதியம் நானும் அம்மாவும் கரையிலேயே காத்திருந்தோம். அப்பா வள்ளத்திலிருந்து இறங்கியபோது பையில் வழக்கத்தைவிட அதிகம் சங்கு இல்லை, சொல்லப்போனால் குறைவு. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மீரான் மாமா, "கண்ணு தெரியுது தங்கச்சி, நல்லாவே தெரியுது. ரெண்டு தடவ முங்குனான், அப்புறம் விளிம்புல உக்காந்துக்கிட்டான். என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கான்" என்றார்.

வீட்டுக்கு வந்து சோறு தின்றுகொண்டிருக்கும்போதுதான் அப்பா சொன்னார். பதினாறு வயதிலிருந்து கடலில் முங்குகிறவர், தரையை ஒரு முழம் ஒரு முழமாக மட்டுமே பார்த்திருக்கிறார். அன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டவுடன், மொத்தத் தரையும் காலுக்குக் கீழே தெரிந்திருக்கிறது. மணல் வரி வரியாகப் போவது, அதில் சங்கு போன கோடுகள், ஒரு பக்கம் கறுப்பாகப் பாறை, அதற்கு அப்பால் தரை சரிந்து சரிந்து நீலமாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போவது.

"ஏழு பாகம்னு வாயால சொல்லுவோம். ஏழு பாகம்னா இவ்வளவு தூரம்னு இன்னைக்குத்தான் பாத்தேன். ரோஸு, நான் பயந்துட்டேன்."

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். என் அப்பா பயந்துவிட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அம்மா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

மறுநாள் அவர் கடலுக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். கோடுகளைப் பார்த்து இறங்கப் பழகிக்கொண்டார், பை நிறையத் தொடங்கியது. ஆனால் அந்தப் பயமும் அவரோடு கூடவே முங்கியது என்று நினைக்கிறேன். இன்னும் ஒரு பாகம் கீழே நல்ல சங்கு தெரிந்தாலும், மூச்சு கணக்குக்கு வந்துவிட்டால் திரும்பிவிடுவார். பிற்பாடு வள்ளங்களில் கம்பிரசர் வந்து, குழாய் வழியே காற்றை வாங்கிக்கொண்டு வெகு ஆழத்தில் வெகு நேரம் கிடக்க இளைஞர்கள் இறங்கியபோது, அப்பாவையும் கூப்பிட்டார்கள். போக மறுத்துவிட்டார். அப்படிப் போய், ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தவர்களில் சிலர் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலில் கிடந்ததை எங்கள் தெருவே பார்த்தது. இரண்டு கண்ணாடித் துண்டுகள்தாம் அவரைக் காப்பாற்றின என்று நான் சொல்லமாட்டேன்; காப்பாற்றவில்லை என்றும் சொல்ல எனக்கு மனம் வராது. இன்னும் ஏழெட்டு வருஷம் குளித்துவிட்டு, சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் தரம் பிரிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார்.

கரையில் போடும் கண்ணாடிக்கு ஃபிரேம் தேர்ந்தெடுத்தது அம்மா. எனக்கு எடுத்ததைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அப்பாவை வெளிச்சத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் திருப்பி, கடையிலிருந்த எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிட்டு, எஸ்தர் அக்கா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், எனக்கு வேண்டாமென்று அக்கா பெட்டிக்குள் வைத்த அந்தத் தங்க நிற மெல்லிய ஃபிரேமையே எடுத்தாள். "ஆபீசர் மாதிரி இருக்கு" என்றாள். அக்கா சொன்னபடி ஆறே மாதத்தில் பச்சை பிடித்தது. அப்பா மூக்கின் இரண்டு பக்கமும் பச்சைக் கறையோடு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவார்; கறையைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பாரே தவிர, ஃபிரேமை மாற்றச் சம்மதிக்கவில்லை. லூசியாவுக்கு நேர்ந்த வெள்ளிக் கண்களை அம்மா இரண்டு ஜோடியாகக் கொண்டுபோய் வைத்தாள்.

எனக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில், நாள் முழுவதும் கணினித் திரைக்கு முன்னால் உட்காரும் வேலை. என் பவர் மைனஸ் ஏழில் வந்து நின்றிருக்கிறது. போன மாதம் புதுக் கண்ணாடி வாங்கப் போனேன். குளிரூட்டிய பெரிய ஷோரூம். சீருடை போட்ட பெண் கையில் டேப்லட்டை வைத்துக்கொண்டு, மெலிதான ஹை இண்டெக்ஸ் லென்ஸா, உடையாத பாலிகார்பனேட்டா, நீல ஒளியைத் தடுக்கும் பூச்சா, தண்ணீர் ஒட்டாத பூச்சா, வெயிலில் தானாகக் கறுக்கிறதா, தூரத்துக்கும் பக்கத்துக்கும் கோடு தெரியாத புரோகிரஸிவா என்று அடுக்கினாள். எல்லாம் நல்லவை, எல்லாம் வேண்டும்போலவும் இருந்தன. நான் எங்கே இருக்கிறேன், என்ன வேலை செய்கிறேன், எதால் துடைக்கிறேன் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், உப்புக் காத்து அடிக்கிற ஊர் என்று. "ஒரு வருஷம் வாரண்டி இருக்கு மேம்" என்றாள். எஸ்தர் அக்கா மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்ப் பல வருஷமாகிறது, சந்தில் அவருடைய கடை இருந்த இடத்தில் கைபேசி பழுது பார்க்கிறார்கள். மீரான் மாமா இல்லை. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யார் யாருக்குத் தூரம் தெரியவில்லை என்று யார் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு இந்த வருஷம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். உள்ளே வைக்கிற லென்ஸைத் தூரப் பார்வைக்குத் தக்கபடியே வைத்துவிட்டதால், அவருக்கு மைனஸ் என்பதே இல்லாமல் போய்விட்டது. செய்தித்தாள் படிக்க மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி. கட்டு அவிழ்த்த வாரத்தில், தெருக்கோடியில் வருகிற ஆள் யார் என்று அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி அலுக்கவைத்தார்.

சில நாள் முன்பு ஒரு காலையில், நான் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி போடாமல் வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர் முகம் ஒரு பழுப்புத் திட்டு, அதன் மேல் வெள்ளையாக இன்னொரு திட்டு.

"ஏளா, இப்ப நான் ஒனக்கு எப்படித் தெரியுதேன்?" என்று கேட்டார்.

"கலங்கலாப்பா. ஒங்களுக்குத் தெரியாததா?"

அப்பா நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"இல்லளா" என்றார். "எனக்கு அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

நான் கையை நீட்டி மேஜையில் என் கண்ணாடியைத் துழாவினேன். அவர் அதை எடுத்து, மடக்கியிருந்த கால்களை விரித்து, என் கையில் வைத்தார்.